வாடகை வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது யார் செலவு? நான்கு வழிகள், ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான் எடுத்த இரண்டாவது வாடகை வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கிய அடையாளம் இருந்தது. கலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது மறைத்திருந்த இடம் மட்டும் இளநீலம், சுற்றிவரச் சாம்பல். சாமியறையில் விளக்கு எரிந்த மூலையில் சீலிங் வரைக்கும் கரிக்கோடு. வீட்டுக்காரர் கனடாவில். திறப்பு அவருடைய சித்தப்பாவிடம். "தம்பி, வீடு நல்ல வீடு. ஒருக்கா பெயின்ற் அடிச்சால் புதுவீடு மாதிரி வரும்" என்றார் அவர். யார் அடிப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் நாள் பார்த்துப் பால் காய்ச்ச வேண்டும் என்ற அவசரம். மார்கழிக் கடைசியில், மழை விட்டு ஒரு கிழமைகூட ஆகாத நிலையில், என் காசில் மூன்று அறைக்கும் அடித்தேன். பங்குனி வெயில் வந்ததும் குளியலறையை ஒட்டிய சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கொப்புளம். விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பதினாலு மாதத்தில் வேலை மாறி வீட்டை விட்டபோது, அந்தச் சுவரையே காட்டி அட்வான்சில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். காசு கொடுத்து அடித்தவனும் நான்தான், பழுதாக்கியவனும் நான்தான் என்று முடிந்தது கதை.

அதற்குப் பிறகு வீடு மாறுகிற நண்பர்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருபவர்கள், இங்கே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸ் பக்கம் வீடு தேடுபவர்கள், வெளிநாட்டுக்காரரின் வீட்டைப் பார்த்துக்கொள்கிற சொந்தக்காரர் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பது மாறாது.

முதலில் பார்க்க வேண்டியவை

எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்கள் என்பது முதலாவது. ஒரு வருடத்துக்கு வருபவரும் பிள்ளையின் ஓ.எல். பரீட்சை முடியும்வரை ஐந்து வருடம் இருக்கப் போகிறவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் கதைப்பது யாரோடு? வீட்டுக்காரரோடா, திறப்பு வைத்திருப்பவரோடா? யாழ்ப்பாணத்தில் இது சின்ன விசயம் இல்லை. திறப்பு வைத்திருக்கிற பெரியப்பா, மாமி, பக்கத்து வீட்டு ரீச்சர் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். "ஓம், அடியுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் வாடகையில் கழிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. டொரொன்டோவில் இருப்பவருக்கோ இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: சுவரில் இருப்பது அழுக்கா, ஈரமா? அழுக்கென்றால் பெயின்ற் தீர்க்கும். ஈரத்துக்குப் பெயின்ற் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போடுகிற மாதிரி. சுவருக்குள் ஏறுகிற தண்ணீர் வெளியே வரும்போது உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். அது பூச்சையும் பெயின்றையும் உள்ளிருந்து தள்ளும். இதைத்தான் உவர் பிடித்த சுவர் என்கிறோம். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரும், குருநகர், பாசையூர் போன்ற கரையோர இடங்களின் உப்புக்காற்றும் இதற்கு நல்ல தோது. ஈரம் தடுக்கும் படை போடாத பழைய அத்திவாரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பார்த்தறிய இரண்டு வழி. ஒரு நாணயத்தின் விளிம்பால், ஆள் பார்க்காத மூலையில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். தூள் மட்டும் வந்தால் பழைய வெள்ளை. பூச்சே பொருபொருத்து மண்ணாகக் கொட்டினால் அது மேசனின் வேலை. மற்றது, ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது. வீடு பார்க்கப் போகிற இடத்தில் பொலித்தீன் ஒட்டிவிட்டு வருவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போது வராத கூச்சம் இதற்கு மட்டும் ஏன்?

எது யார் பக்கம் என்று நான் வைத்திருக்கிற கணக்கு இது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் முந்தும்.

| சுவரில் காண்பது | என்ன காரணம் | யார் செலவு நியாயம் |
|---|---|---|
| நிறம் மங்கல், கலண்டர் அடையாளம், கைபட்ட அழுக்கு | காலமும் புழக்கமும் | வீட்டுக்காரர் |
| வெளிச்சுவரின் அடியில் செம்மண் தெறித்த பட்டை | மழை, பீலி இல்லாத கூரை | வீட்டுக்காரர் |
| உவர், கொப்புளம், பூச்சு உதிர்தல் | ஈரம், பைப் கசிவு | வீட்டுக்காரர், மேசனோடு சேர்த்து |
| குசினிச் சீலிங்கில் எண்ணெய்ப் புகை | சமையல் | அளவைப் பொறுத்துப் பாதிப் பாதி |
| பிள்ளை கீறிய படங்கள், ஸ்ரிக்கர், பத்து ஆணி ஓட்டை | குடியிருந்தவர் | குடியிருந்தவர் |
| நல்ல சுவருக்கு வேறு நிறம் வேண்டும் என்ற ஆசை | ரசனை | ஆசைப்பட்டவர் |

செம்மண் பட்டையை ஏன் தனியாகப் போட்டேன் என்று வெளியூரார் கேட்கலாம். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் ஒரு மாரி இருந்து பார்த்தவருக்கு விளங்கும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து சுவரில் தெறிக்கும். முழங்கால் உயரத்துக்குச் செங்காவி அடித்தது போல நிற்கும். அதை ஒவ்வொரு வருடமும் குடியிருப்பவர் தலையில் கட்டுவது அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது, சுருக்கமாக

இலங்கையில் வாடகைக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால், வீட்டைப் பாவிக்கக்கூடிய நிலையில் கொடுப்பதும் அப்படியே வைத்திருப்பதும் கொடுப்பவரின் பொறுப்பு. எடுத்தவர், சாதாரணத் தேய்மானம் போக, வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறம் மங்குவது தேய்மானம். இத்தனை வருடத்துக்கு ஒருமுறை இன்னார் பெயின்ற் அடிக்க வேண்டும் என்பது நீங்கள் எழுதிக்கொள்கிற விசயம்.

அந்த எழுத்தில் ஒரு பொறி உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும். கொப்பித் தாளில் "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் அந்த இரண்டு வருடத்தை நம்பியிருக்க முடியாது. இரண்டு வருடம் இருப்போம் என்று நினைத்துச் சொந்தக் காசில் சுவர் அடிப்பவர் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும். பழைய வீடுகளில் சில 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் வரலாம். அவற்றின் கணக்கு வேறு, சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வழி 1: வீட்டுக்காரர் அடித்துத் தருவது

ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்கு வருபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் காசு போகாது. போகும்போது "வாங்கிய நிலை" எது என்பதில் சண்டையும் வராது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. பெயின்ற் அடித்த வீட்டுக்கு வாடகை கூடச் சொல்வார்கள். மாதம் 2,000 ரூபா கூடினால் இரண்டு வருடத்தில் 48,000 ரூபா. அது யார் அடித்த பெயின்ற் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்தது தரம். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு அடிக்கிற பெயின்ற் பெரும்பாலும் ஒரு கோட்தான். கையால் தடவிப் பாருங்கள், உள்ளங்கையில் வெள்ளை ஒட்டினால் ஆறு மாதத்தில் பிள்ளைகளின் சீருடையிலும் ஒட்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது: புதுப் பெயின்ற் ஈரத்தை மறைக்கும். மார்கழியில் அடித்து, தையில் திறப்புத் தருகிற வீட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அடித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, அடிச்சுவரில் விரல் மடித்துத் தட்டிப் பார்ப்பேன். பூச்சு விட்ட இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும்.

வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தாலும் இது லாபம்தான். ஒரு குடும்பம் போய் அடுத்தது வரும் இடைவெளியில் வீடு வெறுமையாக இருக்கும். அலுமாரி நகர்த்தத் தேவையில்லை, வேலை வழமையில் பாதி நாட்களில் முடியும். மாசி, பங்குனியில் செய்தால் சுவரும் காய்ந்திருக்கும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறோம், அதற்குள் முடியுங்கள் என்று ஆடியில் அவசரப்படுத்தினால் நல்ல பெயின்ற்காரரைப் பிடிப்பது கஷ்டம். ஊரே அப்போதுதான் மதில் அடிக்கும். சோளகக் காற்றில் பறக்கிற புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டுவது வேறு.

வழி 2: குடியிருப்பவர் தன் செலவில் அடிப்பது

ஆள் ஆசைப்படுவதும் இதற்குத்தான், சூடுபடுவதும் இதில்தான். செலவு எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: நாலு சுவரும் 480 சதுர அடி. கதவு யன்னலுக்கு 60 போனால் 420. இரண்டு கோட்டுக்கு 840. நல்ல எமல்ஷன் ஒரு லீற்றர், ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போகும். ஆக அறைக்கு எட்டு லீற்றருக்குக் கொஞ்சம் மேல். 4 லீற்றர் வாளி இரண்டும் சில்லறையும். மூன்று அறை என்றால் 4 லீற்றர் வாளிகளாக வாங்காமல் பெரிய வாளியாகப் பாருங்கள், லீற்றர் விலை குறையும். சீலிங் வேறு கணக்கு.

இத்தோடு நின்றால் பரவாயில்லை. சுவரை உரஞ்ச வேண்டும், ஓட்டைகளை அடைக்கிற பில்லர் பசை வைக்க வேண்டும். பழைய சுண்ணாம்பு வெள்ளை அடித்த வீடாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, சீலர் என்ற அடிப்பூச்சுப் போடாமல் எமல்ஷன் அடிக்கவே கூடாது. ஒரு வருடத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். கடும் பச்சை, கடும் ஊதா அடித்த அறையை வெள்ளையாக்க இரண்டு கோட் போதாது. கூலியை நாட்கூலியாகப் பேசுகிறீர்களா, முழு வேலைக்கும் ஒரே தொகை என்று கொந்தராத்தாகவா என்பதில் இன்னொரு வித்தியாசம்: நாட்கூலியில் நாள் நீளும், கொந்தராத்தில் உரஞ்சுகிற வேலை சுருங்கும். நான் உரஞ்சலை நாட்கூலிக்கும் அடிப்பதைக் கொந்தராத்துக்கும் விடுவேன். தேத்தண்ணியை இரண்டு கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

பிறகு, வெளியேறும்போது இந்தச் செலவில் ஒரு சதமும் திரும்பாது. மூன்று வருடத்துக்கு மேல் நிச்சயமாக இருக்கப் போகிறீர்கள், சுவர் காய்ந்த சுவர், நிறம் உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், நொத்தாரிசு எழுத்து இருக்கிறது: இந்த நாலும் சேர்ந்தால் தாராளமாக அடியுங்கள். செலவை 36 மாதத்தால் பிரித்துப் பாருங்கள், மாதத்துக்குப் பெரிய தொகை வராது. நாலில் ஒன்று குறைந்தாலும் ஒரு அறையோடு நில்லுங்கள். பிள்ளை படுக்கிற அறை, அல்லது சமையல் புகை பிடித்த குசினி.

உவர் பிடித்த சுவருக்கு மட்டும் உங்கள் காசில் ஒருக்காலும் அடிக்க வேண்டாம். கேட்டால் என் கோண்டாவில் வீட்டைக் கூட்டிப்போய்க் காட்டுவேன், அந்தச் சுவர் இன்னும் அப்படித்தான் நிற்கிறது.

அடிக்கும் முன் நிறத்துக்கு அனுமதி வாங்குங்கள். எனக்குப் பிடித்த மெல்லிய மஞ்சள் என் வீட்டுக்காரரின் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவர் அதை வீடியோவில் பார்த்தது நான் போகிற கிழமை.

வழி 3: அடித்துவிட்டு வாடகையில் கழிப்பது

இருவருக்கும் காசு முட்டு, வீட்டுக்காரர் வெளிநாட்டில், வேலையைப் பார்க்க ஆளில்லை என்ற நிலையில் இதுதான் யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தமான வழி என்பது என் எண்ணம். உதாரணத்துக்கு வாடகை 30,000 ரூபா, செலவு 90,000 ரூபா என்று வைப்போம். மாதம் 15,000 கழித்தால் ஆறு மாதத்தில் முடிந்தது. வீட்டுக்காரருக்கு மொத்தமாகக் காசு அனுப்பத் தேவையில்லை. உங்களுக்குப் போட்ட காசு திரும்புகிறது. வீட்டில் இருப்பவரே நின்று பார்ப்பதால் வேலையும் ஒழுங்காக நடக்கும்.

சிக்கல் எங்கே என்றால், முதல் வாளியை வாங்கும் முன்பே எழுத்தில் சம்மதம் வேண்டும். அடித்துவிட்டுச் சொன்னால் அது கழிவு இல்லை, வாடகை நிலுவை. நிலுவை என்ற சொல் விழுந்துவிட்டால் வீட்டை விட்டு எழுப்பக் காரணம் தேடுகிறவருக்கு நீங்களே கொடுத்த மாதிரி. மேல் எல்லை ஒன்று போடுங்கள்: "90,000க்கு மேல் போனால் கேட்டுத்தான்". கடைச் சிட்டையை அன்றன்றே படம் எடுத்து அனுப்புங்கள். கூலிக்குச் சிட்டை கிடைக்காது. பெயின்ற்காரர் ஒரு தாளில் தொகை எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். கழிவு முடியும்முன் வீட்டை விட வேண்டி வந்தால் மிச்சத்தைக் கையில் தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். இதைக் கேட்க மறந்து இருபதாயிரத்தைச் சுவரில் விட்டுவிட்டு வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

"சாமான் வீட்டுக்காரர், கூலி நாங்கள்" என்று பாதி வழியும் இருக்கிறது. ஒரு அறை, இரண்டு அறைக்கு நல்லது. முழு வீட்டுக்கு வேண்டாம்; பெயின்றைவிட உரஞ்சுகிற கூலி மேலே போய்விடும்.

வழி 4: "போகும்போது அடித்துத் தந்துவிட்டுப் போங்கோ"

கேட்க நியாயமாக இருக்கும், வரும்போது ஒரு சதமும் செலவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்து வைப்போம். பிறகு வீடு மாறுகிற மாதம் இரண்டு வாடகை, லொறிக் கூலி, புது அட்வான்ஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற நேரத்தில் இதுவும் வரும். நீங்கள் வந்தபோதே ஐந்து வயதான பெயின்றுக்கு, போகும்போது புதுப் பெயின்ற் கொடுக்கிறீர்கள்.

இந்த வரியை எடுக்கவே மாட்டோம் என்று வீட்டுக்காரர் நின்றால் நான் கேட்கும் திருத்தம் ஒன்றுதான்: பெயின்றுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வைப்போம். புதிதாக அடித்த வீட்டில் மூன்று வருடம் இருந்து, புழக்கத்தை மிஞ்சிப் பழுதாக்கியிருந்தால், மிச்ச இரண்டு வருடத்துக்கு உரிய ஐந்தில் இரண்டு பங்கு என் பொறுப்பு. வந்த நாளிலேயே பழசு என்றால் என் பங்கு பூச்சியம். இப்படிச் சொன்னால் பெரும்பாலானோர் கொஞ்சம் யோசித்து "அதுவும் நியாயம்தான்" என்பார்கள். மாணவர்களுக்கு அறை அறையாக விடுகிற வீடுகளில் மட்டும் வழி 4 பொருத்தமாக இருக்கலாம், அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று முதலே தொகை சொல்லிவிட்டால்.

அட்வான்சைப் பிடித்துக்கொண்டு தராவிட்டால் உடனே வழக்கு என்று ஓட வேண்டாம். இந்த அளவுத் தொகைக்கு முதலில் போக வேண்டிய இடம், இரண்டு பக்கத்தையும் பேசிச் சமாதானப்படுத்துகிற மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி இல்லாமல் நீங்களே கதைக்கலாம். அங்கே கதைக்கும்போது வீடு எடுத்த நாளில் எடுத்த படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒற்றிக்கு எடுத்தவர்கள்

பெருந்தொகை கொடுத்து, வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிக்கிற ஒற்றி முறை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வேரோடியது. அங்கே மாத வாடகை இல்லை, ஆகவே வழி 3க்கு இடமே இல்லை. கழிக்க ஒன்றும் கிடையாது. பெயின்ற் அனுபவிப்பவர் செலவு, உவர், கூரை, கிணறு உரித்துக்காரர் செலவு என்று உறுதியிலேயே பிரித்து எழுதிவிடுவது நல்லது. மீட்கும்போது கொடுக்கிற தொகையில் செலவு சேருமா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

நான் இப்போது செய்வது

இப்போது இருக்கிற வீடு மானிப்பாய்ப் பக்கம். வீட்டுக்கார அக்கா லண்டனில். திறப்பை வாங்கும் முன், ஒவ்வொரு அறையின் நாலு மூலையையும் அடியிலிருந்து சீலிங் வரை மெதுவாக வீடியோ எடுத்தேன். திறப்பு வைத்திருக்கிற மாமா வாசலில் நின்று, "என்ன தம்பி, கலியாண வீடியோவோ?" என்று சிரித்தார். அவரும் அதில் இருக்கிறார், அதுவும் நல்லதுதான். வீடியோவை அக்காவுக்கு அனுப்பி, கீழே இதை எழுதினேன்:

"அக்கா, முன்னறையும் இரண்டு படுக்கையறையும் மாசியில் அடிக்கிறேன். வெள்ளை நிறம், இரண்டு கோட். சாமானும் கூலியும் 90,000க்குள். ஏப்ரல் முதல் மாதம் 15,000 வாடகையில் கழிப்பேன். குளியலறைச் சுவர் உவர், அதற்கு நான் அடிக்கவில்லை. மேசனை நீங்கள் மாமாவிடம் சொல்லிப் பிடியுங்கோ. கழிவு முடிய முன் நான் போனால் மிச்சம் அட்வான்சோடு சேர்த்துத் தருவீங்களோ?"

இரண்டு நாள், பார்த்துவிட்டார் என்று காட்டுகிற நீலக் கோடு மட்டும் நின்றது. மூன்றாம் நாள் பதில் வந்தது: "ஓம் தம்பி, எல்லாம் சரி. வெள்ளையிலை கொஞ்சம் கிறீம் கலந்து அடிக்க ஏலுமோ?" கிறீமே அடித்தேன்.